பதினொரு பேர் வளர்த்த ஒரே நாய்

பிளம்பருக்கு அந்தப் புத்தகத்தை முதல் நாளே பிடிக்கவில்லை. அட்டையில் நாலு பேர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காரணமில்லாமல் நாலு பேர் ஒன்றாகச் சிரித்தால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்பது அவர் கணிப்பு. நாற்பது வருஷம் வீடு வீடாகப் போய்க் குழாய் மாட்டியவர். வாசலில் யார் ரொம்பச் சிரித்து வரவேற்கிறார்களோ அந்த வீட்டில்தான் அடைப்பு மோசமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

பிடிக்கிறதோ இல்லையோ, படித்தாக வேண்டிய நிலைமை. ஒரே மகள் கடல் தாண்டிக் குடியிருக்கிறாள். தலைப்பிரசவம். அம்மாவும் அப்பாவும் தன்னோடேயே வந்து இருந்துவிட வேண்டும் என்று மனுப் போட்டிருந்தாள். மனு எல்லாப் படியும் ஏறிவிட்டது. கடைசிப் படியில் ஒரு கொக்கி. வருகிறவர்களுக்கு இங்கிலீஷில் வாய் திறந்து பேச வரும் என்று சான்றிதழ் வேண்டும். எழுத்துப் பரீட்சை கிடையாது. இரண்டிரண்டு பேராக உட்கார வைத்துப் பேச விடுவார்கள், அவ்வளவுதான். இந்தத் தடவை தவறினால் அடுத்தது ஐந்து மாதம் கழித்து. பிரசவத்துக்கு இருந்ததோ மூன்று மாதம்.

"நீங்க தவறினா நான் மட்டும் போறேன்" என்று அவர் மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "உங்களுக்காகக் காத்திருந்தா பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும்."

"போ. யாரு வேணாம்னா?" என்றார் பிளம்பர். சொல்லிவிட்டாரே தவிர, அன்று முழுக்க அவருக்கு ரென்ச் கையில் நிற்கவில்லை.

வகுப்பு ஒரு செருப்புக் கடைக்கு மேலே, மாடியில். புதனும் சனியும் சாயங்காலம் நாலு மணிக்கு. பன்னிரண்டு பேர். எல்லாரும் ஐம்பது தாண்டியவர்கள், எல்லாருக்கும் எங்கேயோ ஒரு பிள்ளை. பெஞ்சுகள் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்தவை; டாக்சிக்காரர் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயைத் தொடும்.

புத்தகத்தில் ஒரு குடும்பம் இருந்தது. அப்பா மஞ்சள் ஸ்வெட்டர் போட்டவர், வங்கியில் மேலாளர். அம்மா எப்போதும் எதையாவது தட்டில் ஏந்தி வருவாள். ஒரு பையன், ஒரு பெண், பழுப்பு நிறத்தில் ஒரு நாய். வீட்டைச் சுற்றித் தோட்டம். சனிக்கிழமை மலை ஏறுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள், அதையும் சிரித்துக்கொண்டே. முப்பது பாடத்தில் ஒருத்தருக்கும் காய்ச்சல் வரவில்லை. ஒருத்தரும் ஒருத்தரைத் திட்டவில்லை.

"மாமியாரே கிடையாது, கவனிச்சீங்களா?" என்றாள் பேக்கரிக்கார அம்மா. "அதுக்காகவே இந்த வீட்ட ஒரு தடவ நேர்ல பாக்கணும்."

பதினாலாம் பாடத்தில் மஞ்சள் ஸ்வெட்டர்காரர் மனைவியைப் பார்த்து, 'அன்பே, இன்னும் கொஞ்சம் டீ வேண்டுமா?' என்று கேட்பார். அதை ஜோடி ஜோடியாகப் படித்துக் காட்டச் சொன்னார் டீச்சர். பிளம்பர் புத்தகத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"முகத்தப் பாத்துக் கேளுங்க" என்றாள் மனைவி. "டீ வேணுமான்னுதான கேக்குறீங்க? என்னமோ கிட்னி கேக்குற மாதிரி நெளியுறீங்க."

வகுப்பே சிரித்தது. பிளம்பர் சிரிக்கவில்லை. முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. டீ வைப்பது அவள்; வைத்தவளுக்குத் தெரியாதா தனக்கு வேண்டுமா வேண்டாமா என்று? இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அவளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. முப்பது பாடத்தையும் கமா விடாமல் நெட்டுருப் போட்டுவிட்டாள். பாத்திரம் தேய்க்கும்போது மலை ஏறினாள், துணி உலர்த்தும்போது தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டாள். மற்றவர்களும் அந்த வழிதான். கேள்வி இது என்றால் பதில் இது என்று புத்தகத்திலேயே போட்டிருக்கும்போது எதற்குச் சொந்தமாகச் சொல்லித் தப்பு விட வேண்டும் என்பது எல்லாருடைய கணக்கு.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது டீச்சர் ஒரு ஒத்திகை வைத்தார். தெரிந்தவர் ஒருவரைக் கேள்வி கேட்க அழைத்து வந்திருந்தார். கண்ணாடி போட்ட அம்மா, வேறொரு ஊரில் வகுப்பு நடத்துகிறவர். வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

ஐந்தாவது மாடியில் குடியிருக்கும் தையல்கார அம்மா தன் வீட்டைச் சுற்றி ரோஜாத் தோட்டம் என்றார். பேக்கரிக்கார அம்மாவின் வீட்டுக்காரர் திடீரென்று வங்கி மேலாளர் ஆகிவிட்டார். அடுத்தவர் வீட்டில் ஒரு நாய். அதற்கடுத்தவர் வீட்டிலும் ஒரு நாய். எல்லாம் பழுப்பு. கண்ணாடி அம்மா முதலில் தலையாட்டினார், பிறகு புருவத்தை உயர்த்தினார், ஏழாவது நாய் வந்தபோது பேனாவை மூடிவிட்டார்.

டாக்சிக்காரர் முறை வந்தது. அவரும் நாயை அவிழ்த்துவிட்டார்.

"உங்க நாய் என்ன சாப்பிடும்?" என்று இங்கிலீஷில் கேட்டார் கண்ணாடி அம்மா.

டாக்சிக்காரர் கூரையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். கடைசியில் தாய்மொழியிலேயே சொன்னார்: "அந்தப் பாடம் இன்னும் வரல மேடம்."

பிளம்பர் மனைவியும் நாயோடும் தோட்டத்தோடும் தன் பங்கை ஒப்பித்து முடித்தாள். பிளம்பரிடம் கேட்டபோது அவர் வாயைத் திறக்கவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

விருந்தாளி போன பிறகு டீச்சர் கேட்டார்: "ஏங்க, ஒரு வார்த்தைகூடச் சொல்லல? நாய் இருக்குன்னு சொல்ல அவ்வளவு கஷ்டமா?"

"எங்க வீட்ல நாய் இல்ல."

"அது தெரியும். பயிற்சிக்குத்தானே."

"பயிற்சியா?" பிளம்பர் எழுந்து நின்றார். "டீச்சர், மனுவுல மூணாம் பக்கம், 'வீட்டில் உள்ளவர்கள்'னு ஒரு கட்டம். ரெண்டு பேர்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். நாய்னு எழுதல. தோட்டம்னு எழுதல. இப்ப பரீட்சையில போய் நாய் இருக்கு, தோட்டம் இருக்குன்னு சொல்றேன். அவங்க ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்பாங்களா மாட்டாங்களா? பாத்தா என்ன சொல்வாங்க? பொய் சொல்ற ஆளு, பேர அடின்னு அடிச்சுடுவாங்க. அதுக்குத்தான் கேக்குறாங்க. பேச்சுப் பரீட்சையாவது ஒண்ணாவது! இது விசாரணை."



"இப்ப நான் ஒரு நாய் வாங்கணுமா?" என்றார் டாக்சிக்காரர் பயந்துபோய்.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்படியெல்லாம் யாரும் ஒத்துப் பாக்க மாட்டாங்க. பேச வருதான்னு மட்டும்தான் பாப்பாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ரூமுக்குள்ள நீங்க உக்காந்திருக்கீங்களா?"

டீச்சர் உட்கார்ந்ததில்லை. அதை ஒப்புக்கொண்டார். அது ஒன்றுதான் அந்தப் பெண்மணியிடம் பிளம்பருக்குப் பிடித்த குணம். தெரியாததைத் தெரியாது என்பார்.

"சரி, இன்னொண்ணு கேக்குறேன்" என்றார் பிளம்பர். "இந்த மஞ்ச ஸ்வெட்டர்காரன் எந்த ஊரு? எம்பொண்ணு இருக்குற ஊரா?"

"எந்த ஊரும் இல்லைங்க. இதே புத்தகத்தை எல்லா நாட்டுலயும் விக்கிறாங்க. அதனால யாருக்கும் உறுத்தாத மாதிரிப் பாத்துப் பாத்து எழுதுவாங்க. சாமி வராது, சண்டை வராது, சீக்கு வராது, சாவு வராது. வந்தா எங்கயாவது ஒரு நாட்டுல வேணாம்னுடுவாங்க."

"அப்ப ஆஸ்பத்திரிக் கஞ்சின்னு சொல்லுங்க. எல்லாருக்கும் குடுக்கலாம், ஒருத்தனும் ருசியாக் குடிக்க மாட்டான்."

அன்றிலிருந்து பிளம்பர் வேறு வேலையில் இறங்கினார். வேலைக்குப் போகும் வீடுகளில் அளவு குறிக்கும் சின்ன நோட்டு ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். அதன் பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, வகுப்பு முடிந்ததும் டீச்சரை மறித்து நிற்பார். "மூணாவது மாடி. இதுக்கு என்ன?" "ரெண்டு ரூம். இதுக்கு?" "காலையில சீக்கிரம் எழுந்திரிப்பேன்." "முதுகு வலிக்குது." டீச்சர் சொல்லச் சொல்லத் தன் எழுத்தில் எழுதிக்கொள்வார். புத்தகத்தில் கண்ட ஒரு வார்த்தைகூட அந்த நோட்டில் ஏறவில்லை. மனுவில் என்ன எழுதினாரோ அதற்கு மேல் ஒன்று சொல்ல மாட்டேன், கீழேயும் சொல்ல மாட்டேன் என்று பிடிவாதம். மொத்தம் சேர்ந்தது ஐம்பது அறுபது வார்த்தை.

"அறுபது வார்த்தையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மனைவி.

"உண்மைக்கு அது போதும்."

பரீட்சை நாள் வந்தது. இருவரையும் ஒரே ஜோடியாகப் போட்டிருந்தார்கள். அறையில் ஒரு மேசை, இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி, அந்தப் பக்கம் ஒன்று. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி கேள்வி கேட்பவர். மூலையில் ஒரு ஆள் தாளும் பேனாவுமாக, மதிப்பெண் போட. மேசை நடுவில் கையளவு கறுப்புப் பெட்டி. அதில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. ரெக்கார்டர். பிளம்பர் மனைவியின் காலை மேசைக்கடியில் மிதித்தார். பார்த்தாயா, நான் சொன்னேனே என்று அர்த்தம்.

நரைமுடி அம்மா மனைவியைப் பார்த்து, உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

கேட்க வேண்டுமா? மடை திறந்தது. வீட்டைச் சுற்றித் தோட்டம், அதில் மஞ்சள் பூக்கள், சனிக்கிழமைகளில் குடும்பத்தோடு மலை ஏறுவோம், எங்கள் நாய் பழுப்பு நிறம், அதற்குப் பந்து விளையாடப் பிடிக்கும். ஒரு தப்பு இல்லை, ஒரு திக்கல் இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த நரைமுடி அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. மூலையில் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நகத்தைப் பார்த்தார். அன்று காலையிலிருந்து எத்தனை நாய்கள் அந்த அறைக்குள் ஓடினவோ.

பிளம்பர் பார்த்தது சிவப்பு விளக்கை மட்டும்தான். எல்லாம் பதிவாகிறது. மூன்றாம் பக்கத்தில் இரண்டே பேர்.

"நோ டாக்" என்றார்.

மூலையில் இருந்தவர் நகத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"நோ டாக். நோ கார்டன். தேர்டு ஃப்ளோர். டூ ரூம்." மனைவியைக் கையால் காட்டினார். "ஷீ குட் உமன். புக் பேட்."

நரைமுடி அம்மா பேனாவைக் கீழே வைத்தார். முதல் தடவையாக நிமிர்ந்து இருவரையும் ஆளாகப் பார்த்தார். பிறகு மனைவியிடம், அப்படியானால் உங்கள் வீட்டில் நிஜமாகவே என்னதான் இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார்.

மனைவி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. முப்பது பாடத்தில் எங்கேயும் அவள் வீடு இல்லை. தோட்டத்தை எடுத்தால் அது இல்லை என்று புருஷன் சொல்லிவிட்டான், நாயை எடுத்தால் அதுவும் இல்லை. கைப்பையின் வாரை முறுக்கினாள். மூலையில் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பிளம்பருக்கு அப்போதுதான் உறைத்தது. தவறப்போவது தான் இல்லை, அவள். தான் மட்டும் தேறி, தான் மட்டும் விமானம் ஏறி, அங்கே போய் என்ன செய்ய? மகள் பிள்ளை பெறும்போது அடைப்பு எடுக்கிற கம்பியோடு வாசலில் நிற்கவா?

இறுகிப்போன மரையை முறுக்கியே திறக்கப் பார்க்கிறவன் கற்றுக்குட்டி. குழாய் உடையும். எதிர்ப்பக்கம் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். பிளம்பர் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்து உட்கார்ந்தார்.

"யூ" என்றார். "வொய் ஆங்கிரி? மீ? எவ்ரி டே?"

அவள் கண்ணை உருட்டினாள். "இதையா இங்க வந்து கேப்பாங்க?"

"இங்கிலீஷ், ப்ளீஸ்" என்றார் நரைமுடி அம்மா.

"வொய் ஆங்கிரி?" என்றார் மறுபடி பிளம்பர்.

"வொய்யா?" அவளுக்கு முகம் சிவந்தது. "பாத்ரூம் டோர்! நோ லாக்! டூ இயர்ஸ்!" இரண்டு விரலை நீட்டினாள். "யூ ரிமூவ். யூ சே டுமாரோ. டூ இயர்ஸ் டுமாரோ!"

"தென்?" என்றார் நரைமுடி அம்மா, முழங்கையை மேசையில் ஊன்றி.

"ஐ சிங்" என்றாள். "எவ்ரி மார்னிங், இன் பாத்ரூம், ஐ சிங். லவுட். இஃப் ஐ ஸ்டாப், ஹீ ஓபன் தி டோர். ஸோ நோ ஸ்டாப். சோப் இன் மவுத், ஆல்ஸோ சிங்!"

மூலையில் இருந்தவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தாளால் வாயை மூடிக்கொண்டார்.

"டோர், கார்பென்டர் வொர்க்" என்றார் பிளம்பர் விட்டுக்கொடுக்காமல். "ஐ பிளம்பர்."

"சிங்கிங், ஹூஸ் வொர்க்?"

பிளம்பர் சட்டைப்பை நோட்டைத் தடவினார். நரைமுடி அம்மா அடுத்தடுத்துக் கேட்க ஆரம்பித்தார். என்ன பாட்டு? பழைய பாட்டு. எல்லா நாளும் ஒரே பாட்டா? இல்லை, கோபமாக இருந்தால் வேகமான பாட்டு. "டூ இயர்ஸ், ஆல் ஃபாஸ்ட்" என்று குறுக்கே சொன்னார் பிளம்பர். வீட்டுக்கு விருந்தாளி வந்தால்? அப்போது அவர் கதவுக்கு வெளியே காவல் நிற்பார். அவர் நிற்கும்போதும் பாடுவீர்களா? பாடுவேன், எனக்கு அவரிடம் நம்பிக்கை இல்லை. ஒரு வாக்கியமும் ஒழுங்காக நிற்கவில்லை. வினைச்சொல் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஆனால் வார்த்தைக்காக அவள் ஒரு நொடிகூடத் தேடவில்லை. எங்கே கிடந்தனவோ, எல்லாம் ஓடி வந்தன.

வெளியே வந்ததும் அவள் அவரை விட்டு முன்னால் நடந்தாள். பஸ் ஸ்டாப்பில் நாலடி தள்ளி நின்றாள்.

"மானம் போச்சு" என்றாள் கடைசியில். "பாத்ரூம் சமாசாரம்லாம் பெட்டியில பதிஞ்சுடுச்சு. தவறியாச்சு. உங்களாலதான்."

"பதியட்டும். அது உண்மை. உண்மைய எத்தன பெட்டியில வச்சுப் பாத்தாலும் ஒத்துப்போகும்."

"பெரிய நீதிபதி."

பதினேழு நாள் கழித்துத் தபால் வந்தது. பிளம்பர் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒட்டுப் பிரிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். உள்ளே இரண்டு தாள். எண்களை மனுவோடு இரண்டு தடவை ஒப்பிட்டார்.

"சொல்லித் தொலைங்களேன்!"

"நீ பாஸ்" என்றார். அப்புறம் இரண்டாவது தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "நானும்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுதாள், சிரித்தாள், தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். அவளுக்கு அவரைவிட ஒன்பது மதிப்பெண் அதிகம்.

"இது அநியாயம்" என்றார் பிளம்பர். "ஆரம்பிச்சு வச்சவன் நானு."

செய்தி செருப்புக் கடை மாடிக்கும் போனது. அதே சுற்றின் கடைசித் தொகுதியில் இருந்த டாக்சிக்காரருக்கு அடுத்த வாரம்தான் பரீட்சை. அவர் போய், எனக்கு நாய் கிடையாது, நாய் என்றாலே எனக்குப் பயம், ஒரு தடவை ஒரு நாய் என் டாக்சியில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது, நான்தான் இறங்கி நின்றேன் என்று கைகால் ஆட்டிச் சொல்லிவிட்டு வந்தாராம். தேறிவிட்டார். டீச்சர் இப்போதும் அதே புத்தகத்தைத்தான் நடத்துகிறார். வேறு புத்தகம் வாங்க மேலே கேட்க வேண்டும், கேட்டால் கிடைக்காது. ஆனால் முதல் அரைமணி நேரம் எல்லாரும் புத்தகத்தை மூடி அதன் மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டுமாம். பெஞ்சுக்கு உயரமாவது கூடுகிறதே என்றாள் பேக்கரிக்கார அம்மா.

தபால் வந்த அன்றே மகளைப் போனில் கூப்பிட்டார்கள். முகம் தெரிகிற போன். அம்மாவும் மகளும் ஒருத்தியை ஒருத்தி பேசவிடாமல் கொஞ்ச நேரம் அழுது தீர்த்தார்கள். பிளம்பர் பொறுமையாக நின்றார். அந்த நாட்டைப் பற்றி அவருக்கு இதுவரை கேட்கத் தோன்றியதே இல்லை. போவோமா மாட்டோமா என்றே தெரியாத ஊரைப் பற்றி என்ன கேட்பது? இப்போது தோன்றியது. போனை வாங்கினார்.

"அங்க சமையல்கட்டுக் குழாய் என்ன அளவும்மா?"

"அப்பா! தாத்தாவாகப் போறீங்க, கேக்குற கேள்வியப் பாரு. எனக்கென்ன தெரியும்?"

"அப்ப காட்டு. சிங்க்குக்குக் கீழ காட்டு. நீ குனியாத, மாப்பிள்ளைகிட்டக் குடு."

போன் கைமாறியது. தரை தெரிந்தது, ஒரு செருப்பு தெரிந்தது, அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. மருமகன் முட்டிபோட்டு உள்ளே டார்ச் அடித்தார். பிளம்பர் கண்ணைச் சுருக்கினார். பலகை ஓரம் ஊறி உப்பியிருந்தது. வால்வுக்குக் கீழே ஒரு நீல பக்கெட், அதில் பாதி தண்ணீர். யாரோ எப்போதோ வைத்த எலிப்பொறி ஒன்றும் மூலையில் கிடந்தது.

"என்ன மாப்பிள்ளை, பக்கெட்?"

"அது... ரெண்டு மாசமாச் சொட்டுது மாமா. இங்க ஆளக் கூப்பிட்டா மூணு வாரம் கழிச்சு வருவான், வந்து பாத்துட்டு இன்னொரு ஆளக் கூப்பிடச் சொல்லுவான். நானே டேப் வாங்கிச் சுத்தினேன், நிக்கல."

"எப்படி நிக்கும்? மரைக்கு எதிர்ப்பக்கமாச் சுத்தியிருக்கீங்க. முறுக்க முறுக்கப் பிரிஞ்சுதான் வரும். வெளிச்சத்தக் கொஞ்சம் இடப்பக்கம் காட்டுங்க. ஆங், அங்கதான்."

மருமகன் காட்டினார். பிளம்பரின் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அவர் மனைவி பார்த்து வெகுநாளாகிறது. இத்தனை மாதமாக அவர் போகப்போவதாக எண்ணிப் பயந்திருந்தது அட்டையில் சிரிக்கிறவர்களின் வீட்டுக்கு.

"நல்ல வீடு மாப்பிள்ளை" என்றார். "நான் வர்ற வரைக்கும் ஒண்ணையும் தொடாதீங்க. பக்கெட்ட மட்டும் ராத்திரி காலி பண்ணிடுங்க." பிறகு மனைவி பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "அந்தப் பேனாவ எடு. விமானத்துல எத்தன கிலோ வரைக்கும் விடுவாங்க, விசாரி."

"எதுக்கு?"

"பெரிய ரென்ச் ஒண்ணே ஆறு கிலோ."

"என் துணிமணி?"

"துணி அங்கயும் கிடைக்கும்" என்றார் பிளம்பர், நோட்டைத் திருப்பி எழுத ஆரம்பித்தபடி.